படகை விற்காதீர்கள், முதலில் பையனின் கண்ணைக் காட்டுங்கள்

ராமேஸ்வரம் தீவிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 41. சொந்த அத்தை மகன். நாட்டுப்படகு வைத்திருந்தவர். இருபது வயதிலேயே அந்தி சாய்ந்துவிட்டால் கயிறு எது, நங்கூரம் எது என்று தடவித்தான் எடுப்பாராம். ‘மாலைக்கண்தான், ஈரல் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். முப்பதுக்கு மேல் பக்கப் பார்வை குறுகிக்கொண்டே வந்து, இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேர் எதிரே மட்டும் தெரிகிறது. மதுரையில் பார்த்து ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ (விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் பரம்பரை நோய்) என்று எழுதிக் கொடுத்து, மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக அவர் கடலுக்குப் போகவில்லை. சகோதரியின் தம்பி படகை ஓட்டிப் பங்கு கொடுக்கிறார்.

தம்மாமில் வேலை பார்க்கும் கொழுந்தனார், மூளையில் சிப் வைத்துப் பார்வை தருவதாக ஒரு வீடியோ அனுப்பினார். அதன் பின்னாலேயே ஒரு ஏஜென்ட் வந்தார். வெளிநாட்டில் கண்ணுக்குள் சிப் வைக்க 28 லட்சம் ஆகும், பார்வை முழுக்கப் போவதற்குள் வைத்தால்தான் பிடிக்கும் என்று சொல்லி ஒரு லட்சம் முன்பணமும் வாங்கிப் போயிருக்கிறார். மீதிக்குப் படகையும் நகையையும் விற்கலாமா என்று கேட்கிறார் சகோதரி. சிப் சரிவராவிட்டால் ஸ்டெம்செல் (மூலச்செல்) ஊசி போடலாம் என்றும் அதே ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். சகோதரி மேலும் கேட்கிறார்: ‘பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காதில் மெஷின் இலவசமாக வைத்தார்கள், கண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை? என் கண்ணில் ஒன்றை எடுத்து அவருக்கு வைக்க முடியாதா?’

எட்டாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியது: ‘11 வயது மகன் ஒரு மாதமாகச் சாயங்காலம் தடுக்கித் தடுக்கி விழுகிறான். சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் வந்த பாவமா டாக்டர்?’

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நோயாளிகள் உண்மையாகப் பயப்படும் விஷயத்தைக் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்துதான் சொல்வார்கள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். உங்கள் கடிதத்திலும் அவசரமான விஷயம் எட்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது.

மாலைக்கண் என்றாலே உங்கள் கணவருக்கு வந்த நோய்தான் என்று இல்லை. வளரும் பிள்ளைக்கு வைட்டமின் ஏ குறைந்தாலும் மாலையில் தெரியாது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடாமல் இருந்தாலும் இருட்டில் தடுமாறுவான். இரண்டுமே சுலபமாகச் சரியாகக்கூடியவை. மூன்றாவதாக அப்பாவின் நோயும் இருக்கலாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் இஆர்ஜி என்ற மின்பதிவும் எடுக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். சிப்பைப் பற்றிய முடிவு எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

பாவம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்காகச் சொல்கிறேன். உங்கள் கணவருக்கு வந்திருப்பது, தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் மட்டும் உண்டாகும் வகை என்று வைத்துக்கொள்வோம். வேறு வகைகளும் உண்டு, ஆனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். அத்தை மகன், மாமன் மகள் என்ற உறவில் அதே பழுது உங்களிடமும் ஒன்று இருக்க ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கணவரிடமிருந்து ஒன்று பிள்ளைக்கு நிச்சயம் போகும். உங்களிடம் இருந்தால் அதுவும் பிள்ளைக்குப் போவது பாதிக்குப் பாதி. ஆக எட்டில் ஒன்று. அந்நியத்தில் கட்டியிருந்தால் இன்னும் குறைவாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கல்யாணத்தின்போது இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, நீங்களும் தெரிந்தே எதையும் செய்யவில்லை. இதில் பாவம் எங்கே வந்தது? இன்னொன்று: இது பையன் பிறக்கும் முன் போட வேண்டிய கணக்கு. அவன் இப்போது தடுக்கி விழுகிறான் என்பதால் கணக்கை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

கணவரின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். இந்த நோய்க்குக் காரணமாக 80க்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் ஆர்பிஇ65 என்ற ஒன்றுக்கு மட்டும் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் என்று விலை வைத்தார்கள், அதனால் அதை நம்பி இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லவில்லை. பையனுக்கு என்ன வரும், வராது என்று தெளிவாகத் தெரியும் என்பதற்காகவும், நாளைக்கு எந்த ஆய்வு வந்தாலும் ‘எந்த மரபணு?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

சிப் என்ன செய்யும்?

சரி, சிப்புக்கு வருவோம். ஏஜென்ட் சொன்னது முழுக் கட்டுக்கதை இல்லை, அதுதான் சிக்கல். கண்ணுக்குள் வைக்கும் சிப் நிஜமாகவே இருந்தது. ஆர்கஸ் 2 என்று பெயர். கலிஃபோர்னியாவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் செய்தது. 2011இல் ஐரோப்பாவிலும் 2013இல் அமெரிக்காவிலும் அனுமதி வாங்கியது, அதுவும் உங்கள் கணவருக்கு இருக்கும் இதே நோய்க்கு.

அது வேலை செய்யும் விதம் இது. மூக்குக் கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா. அது எடுக்கும் படம் ஒரு வயர் வழியாக இடுப்பில் மாட்டிய பெட்டிக்குப் போகும். பெட்டி அந்தப் படத்தை வெளிச்சம், இருட்டு என்று எளிமையாக்கித் திருப்பி அனுப்பும். கண்ணாடியில் இருக்கும் சுருள் அதைக் கம்பியில்லாமல் கண்ணுக்குள் செலுத்தும். அங்கே விழித்திரையின் மேல் ஒரு சிறு ஆணியால் பொருத்திய மெல்லிய தகட்டில் 60 மின்முனைகள். ஒவ்வொன்றும் நரம்பைத் தூண்டும்போது உள்ளே ஒரு ஒளிப்புள்ளி தோன்றும். அவ்வளவுதான். நல்ல கண்ணில் ஒளியை வாங்கும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல். அதற்கு ஈடாக இங்கே 60.

இதைப் புரியவைக்க உங்கள் ஊர்க் கடலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பாம்பன் பாலத்தில் ராத்திரி நின்று பாருங்கள். படகு தெரியாது, விளக்கு மட்டும் தெரியும். உங்கள் கணவரைக் கேட்டால் சொல்வார்: சிவப்பு தெரிந்தால் அதன் இடது பக்கம் நமக்குக் காட்டுகிறது, பச்சை தெரிந்தால் வலது பக்கம், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே நம்மேல் வருகிறது. விளக்கைப் பார்த்துப் படகைக் கணிப்பது கற்றுக்கொண்ட வித்தை. கடலே தெரியாத எனக்கு அங்கே வெறும் புள்ளிகள். ஆர்கஸ் வைத்துக்கொண்டவர்களும் இப்படித்தான் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, எதிரே ஆள் நகர்கிறாரா, தரையில் கோடு எப்படிப் போகிறது என்பதைச் சிலர் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். மிகப் பெரிய எழுத்தை நிதானமாகப் படித்தவர்களும் உண்டு. பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. கேமரா கண்ணாடியில் இருப்பதால் கண்ணை உருட்டினால் ஒன்றும் மாறாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு படகில் ஏறுவார் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

‘முழுக்கப் போவதற்குள் வைக்க வேண்டும்’ என்று ஏஜென்ட் சொன்னது நேர் தலைகீழ். வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும் அல்லது அதுவும் தெரியாது என்ற நிலையில் இருந்தவர்களுக்குத்தான் ஆர்கஸை வைத்தார்கள். உங்கள் கணவர் பகலில் நேர் எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கண்ணில் கத்தி வைத்தால் இருக்கும் பார்வையும் போகலாம். அறுவை சிகிச்சையும் சின்னதில்லை. முதலில் வைத்துக்கொண்ட 30 பேரில் 11 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கடுமையான பாதிப்புகள் வந்தன. மேல் சவ்வு அரித்துக் கருவி வெளியே தெரிவது, கண்ணின் அழுத்தம் குறைந்துபோவது போன்றவை.

அப்புறம், இதெல்லாம் பழைய கதை. 2019இல் அந்த நிறுவனம் ஆர்கஸ் செய்வதை நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. உலகம் முழுக்க சுமார் 350 பேர் கண்ணுக்குள் அந்தத் தகட்டோடு நின்றார்கள். பெட்டி கெட்டால் மாற்றுப் பெட்டி இல்லை, வயர் அறுந்தால் வயர் இல்லை. நிறுவனம் தள்ளாடத் தொடங்குவதற்கு முன்பே, நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் ரயில் மாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குச் சின்னதாக ஒரு ஒலி கேட்டு எல்லாம் அணைந்துபோனது, அப்புறம் அது வரவே இல்லை. கம்பெனி மூடிய இன்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலைந்திருப்பீர்கள். கிடைக்காவிட்டால் இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்கலாம். இதைக் கழற்றவும் இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். ஜெர்மனியில் ஆல்பா என்ற சிப் செய்த நிறுவனமும் அதே 2019இல் மூடப்பட்டது. ஆக, இந்த நோய்க்கு அனுமதி வாங்கி விற்பனைக்கு வந்த இந்த இரண்டு சிப்களும் நின்றுபோயின. பிறகு ஏஜென்ட் 28 லட்சத்துக்கு எதை வைக்கப் போகிறார்?

‘புதிதாக ஒன்று வந்திருக்கிறது’ என்பார். வந்திருக்கிறது. பிரைமா என்று பெயர், இரண்டு மில்லிமீட்டர் சதுரம், 378 புள்ளிகள், வயரே இல்லை. கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் 38 பேருக்கு வைத்துப் பார்த்து 2025 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் முடித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். எனக்கே அதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனவர்கள். அவர்களுக்கு நடு போய் ஓரம் இருக்கிறது. உங்கள் கணவருக்கு ஓரம் போய் நடு இருக்கிறது.

கொழுந்தனார் அனுப்பிய மூளை சிப் வீடியோவும் அப்படித்தான். 1960களிலேயே இங்கிலாந்தில் ஒரு பெண்மணியின் மூளைப் பரப்பில் மின்முனைகள் வைத்து ஒளிப்புள்ளிகளை வரவழைத்தார்கள், இன்றுவரை அது ஆராய்ச்சியாகத்தான் இருக்கிறது. நியூராலிங்க் நிறுவனத்தின் கருவிக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு கொடுத்ததை ‘அனுமதி கிடைத்துவிட்டது’ என்று பலர் பரப்பினார்கள். பரிசீலனையை விரைவுபடுத்தும் ஒரு தகுதிதான் அது. ஆளுக்கு வைத்து விற்கலாம் என்ற அனுமதிச் சீட்டு இல்லை.

காதுக்கு முடிந்தது, கண்ணுக்கு ஏன் முடியவில்லை?

நியாயமான கேள்வி, என் மாணவர்களும் கேட்பார்கள். காதுக் கருவியில் இருபத்திரண்டு மின்முனைகள் இருந்தாலே பேச்சு புரிந்துவிடுகிறது. பேச்சு என்பது ஒன்றன்பின் ஒன்றாக வருவது, மூளை விட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளும். காட்சி மொத்தமாக ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. அதனால்தான் அந்தக் கருவி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்வரை வந்துவிட்டது, இது இன்னும் ஆய்வுக்கூடத்து வாசலில் நிற்கிறது.

உங்கள் கண்ணைக் கொடுப்பது பற்றி: படித்தபோது கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கண்தானத்தில் நாங்கள் மாற்றிவைப்பது முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும்தான், அதுவும் இறந்தவரிடமிருந்து மட்டும். விழித்திரையை மாற்ற முடியாது. 2023இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்தினார்கள். அந்தக் கண்ணில் ரத்தம் ஓடுகிறது, பார்வை வரவில்லை. உங்கள் இரண்டு கண்ணும் உங்களிடமே இருக்கட்டும், வீட்டில் அவை நிறையவே தேவைப்படும்.

அந்த ஒரு லட்சமும், ஊசியும்

கண் சிப்போ வேறு கருவியோ ஆராய்ச்சி நிலையில் இருந்தால், அதில் சேருகிறவரிடம் காசு வாங்கும் பேச்சே இருக்கக் கூடாது. நம் நாட்டில் மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம் வேண்டும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். ஏஜென்ட்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அடுத்த நிமிடம் போனை எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஸ்டெம்செல் ஊசி இன்னும் மோசம். ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர வேறு எதற்கும் அதை சிகிச்சை என்று விற்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டு பார்வை இழந்ததை 2017இல் மருத்துவ இதழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நடந்து வந்தவர்கள், கையைப் பிடித்து அழைத்துப் போகும் நிலையில் திரும்பினார்கள்.

கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். போனில் அனுப்பிய பணமென்றால் வங்கிப் பதிவு இருக்கும். வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். தராவிட்டால் போலீஸில் புகார், அதோடு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பார்வையின்மையைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அவர் கொடுத்த நோட்டீஸில் ஊசியைப் பற்றி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஒரு லட்சமும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்லமாட்டேன். 27 லட்சம் தப்பித்தது என்று மட்டும் சொல்வேன்.

கணவருக்கு இப்போது செய்யக்கூடியவை

என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே நோயோடு வந்த ஒரு இளைஞரிடம் ‘இன்னும் ஐந்து வருடத்தில் சிப் வந்துவிடும்’ என்று உற்சாகமாகச் சொன்னேன். ஏழு வருடம் கழித்து வந்தார். வேலையை விட்டிருந்தார், கம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, போனில் படிக்கும் வசதியைத் தொடவில்லை. ‘அதான் சிப் வருமே சார்’ என்றார். அன்றிலிருந்து வருடக் கணக்கு சொல்வதை விட்டுவிட்டேன்.

மருந்தே இல்லை என்று மதுரையில் சொன்னது நோயின் மூலத்துக்கு. இந்த நோயுள்ளவர்களுக்குச் சீக்கிரமே கண்புரை வரும், விழித்திரையின் நடுவில் நீர் கோக்கவும் செய்யும். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. கடைசியாகக் கண் காட்டி நான்கு ஆண்டு ஆகிவிட்டது. ‘ஆறு மாதமாக இன்னும் மங்கலாகிவிட்டது’ என்று நீங்கள் எழுதியது இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அது சரியானால் கிடைக்கும் வெளிச்சம், ஆர்கஸ் கொடுத்ததைவிட எத்தனையோ மடங்கு. காது கேட்பதையும் ஒருமுறை பரிசோதியுங்கள், இந்த நோயில் சிலருக்குக் கேட்கும் திறனும் குறையும்.

‘காலண்டர் தேதியை வாசித்துவிடுகிறார், அதனால் சர்டிஃபிகேட் கிடைக்காது’ என்று யாரோ சொன்னதைத் திருத்த வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், நேர்ப் பார்வை எப்படி இருந்தாலும், பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தால் அது பார்வையின்மைதான். குழாய்ப் பார்வைக்காரர்கள் பலர் இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். பார்வைப் பரப்புப் பரிசோதனையின் படத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். உதவித்தொகை, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து ரயில் கட்டணச் சலுகை எல்லாம் அந்த அட்டையின் பின்னால்தான் வரும்.

வெள்ளைக் கம்பை எடுக்க வெட்கப்படுகிறார் என்கிறீர்கள். கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஆள், புரிகிறது. கிழிந்த வலையைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே முடிச்சுப் போட்டுச் சரிசெய்கிறார் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, கம்பும் நீண்ட விரல்தான் என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள். மதுரையில் பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது, அங்கே கம்பு பிடித்து நடக்கவும் பயிற்சி தருவார்கள். கொழுந்தனாருக்கு அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மரபணுப் பரிசோதனைச் செலவும், திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒரு நல்ல ஸ்மார்ட்போனும் அவர் பங்காக இருக்கட்டும்.

மதுரைக்குப் போகும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. பையனுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் கண்ணில் மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரத்துக்கு இருவருக்குமே மங்கலாக இருக்கும், வெயில் கூசும். நீங்கள் ஒரே ஆளாக இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.